மீந்த மாத்திரை

தெய்வசிகாமணிக்கு மனித உடம்பைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளோடு முப்பத்தொரு வருஷம் காலம் தள்ளியவர். மண்ணுக்கடியில் ஊறுகிற தண்ணீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் மைன்ஸ் மூழ்கிவிடும் என்பதும், அது இதுவரை மூழ்காமல் இருப்பது தன்னால்தான் என்பதும் அவர் கண்டறிந்த இரண்டு உண்மைகள். மனிதர்களும் அவருக்குப் பம்புகள்தாம். வாய் வைத்த பம்புகள். நெஞ்சு வலிக்கிறது என்று யாராவது வந்தால் வால்வு என்பார். மலச்சிக்கல் என்றால் லைன் அடைப்பு. அக்காள் மருமகள் எழில்மதிக்கு மாசமாக இருக்கும்போது மூத்திரம் எரிகிறது என்று காதில் விழுந்ததும் கண்ணை மூடி அரை நிமிஷம் யோசித்தார்.

"டிஸ்சார்ஜ் லைன்ல சூடு" என்றார்.

அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் கூடத்தில், எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு தின்றுகொண்டிருந்தபோது சொன்னார். எரிவது போகும்போதா, போன பிறகா என்று கேட்டார். மாமியார் சின்னம்மாள் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே மருமகளுக்காகப் பதில் சொன்னாள். ரெண்டு நேரமும்தானாம். ஒரு சொம்பு குடித்தால் அரைச் சொம்புதான் போகிறாளாம். வாடையும் அடிக்கிறதாம். தெய்வசிகாமணி இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, நிறம் எப்படி என்று கேட்டார். எழில்மதி எச்சில் கையோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கூடத்தில் அவளுடைய மூத்திரம் எட்டு இலைக்கும் நடுவில் இன்னொரு பதார்த்தம் மாதிரி பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது.

வடக்குத்துப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை ஒன்றில் அவள் ஐந்தாம் மாசம் வரைக்கும் வேலைக்குப் போனவள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்து. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்து உரியும். நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு தட்டி மறைப்பு; அதையொட்டி லாரிக்காரர்கள் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். ஆகவே பெண்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாகிப்போகும். எரிச்சல் அங்கே எல்லாருக்கும் இருந்தது. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எழில்மதிக்கு அது வெறும் எரிச்சல் இல்லை. போன வருஷம் இதே போல எரிந்து, இதே போல இடுப்பு வலித்து, காய்ச்சலில் கிடந்து, ஆறாம் மாசத்தில் ஒன்று போய்விட்டது. துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அவளிடம் காட்டவில்லை. இப்போது ஆறு தொடங்கியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் தெய்வசிகாமணி பீரோவிலிருந்து பெரிய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். சொந்தக்காரர்களுக்கு அந்த டப்பா தெரியும். கம்பெனி ஆஸ்பத்திரியில் பர்மனெண்ட் குடும்பத்துக்கு வைத்தியமும் மருந்தும் சும்மா. அஞ்சு நாளைக்குக் கொடுத்த மாத்திரையை அவர் ரெண்டு நாள் விழுங்குவார். சளி போய்விட்டால் மீதி டப்பாவுக்குள் போய்விடும். மனைவி ருக்குமணியின் பல்வலி, மகனுடைய சீழ்க்கட்டி எல்லாம் அதில் பாதிப் பாதியாகத் தூங்கின. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிற கான்ட்ராக்ட் சொந்தங்களுக்கு அதிலிருந்து நாலு, மூன்று என்று பிட்டுக் கொடுப்பது அவர் செய்கிற தர்மம். கோயிலில் திருநீறு கொடுக்கிற முகத்தோடு கொடுப்பார்.

டப்பாவைத் திறந்தபோது பழைய வைட்டமின் வாடை குப்பென்று வந்தது. மேலாகக் கிடந்த கரப்பான்பூச்சிக் கால் ஒன்றை ஊதித் தள்ளினார். புகையிலைக் கறை படிந்த நகத்தால் அட்டையைக் கீறி, சிவப்பும் மஞ்சளுமான நாலு கேப்ஸ்யூலைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"காலையில ஒன்னு, ராவுக்கு ஒன்னு. எரிச்சல் நின்னதும் நிறுத்திடு. மருந்த வேஸ்ட் பண்ணக்கூடாது" என்றார்.

எழில்மதிக்கு அதை வாயில் போடவே குமட்டியது. ஆனாலும் போட்டாள். காரணம் அவள் புருஷன். செங்குட்டுவன் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற கான்ட்ராக்ட் ஆள். யூனியன் தலைவரிடம் சொல்லி அவன் பேரைப் பர்மனெண்ட் லிஸ்டில் ஏற்றிவிடுவதாக மாமா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லிஸ்டில் பேர் ஏறுகிறவரை மாமா எதைக் கொடுத்தாலும் விழுங்கித்தான் ஆகவேண்டும்.

ரெண்டு நாளில் எரிச்சல் நின்றது. தெய்வசிகாமணி இதை டவுன்ஷிப்பின் பாதி பிளாக்குகளுக்குத் தெரிவித்தார். பதினைந்து நாளில் திரும்பவும் எரிந்தது. இந்தத் தடவை நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை மூன்று. நின்றது. அப்புறம் மறுபடியும் எரிந்தது. இப்படி ஏழாம் மாசம் வந்து, வளையல் பூட்டி, அரசு ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மாசப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளும் வந்தது.

முதல்நாள் சாயங்காலமே மாமா வந்து பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

"மாத்திர எதாவது சாப்ட்டியான்னு கேப்பாங்க. இல்லன்னுடு. என் மெடிக்கல் புக்குல வாங்குனது. வெளிய போயிருக்குதுன்னு தெரிஞ்சா விஜிலன்ஸ் வந்துரும். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்குது எனக்கு."

விஜிலன்ஸ் அதிகாரிகள் வேறு ஜோலி இல்லாமல் எழில்மதியின் மூத்திரத்துக்காக ஜீப்பில் காத்திருக்கிறார்கள் என்பதுபோல அக்காளும் தம்பியும் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் கிளம்பும்போது, ஆஸ்பத்திரி வரிசையில் எரிச்சலோடு நிற்க வேண்டாம் என்று சின்னம்மாள், தம்பி கொடுத்துவிட்டுப் போன இன்னும் ரெண்டு கேப்ஸ்யூலை வாயில் போட்டு அனுப்பினாள்.

டாக்டர் ஃபர்ஹீன் சின்னப் பெண். மந்தாரக்குப்பத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அப்துல் மஜீதின் மகள். ஒரு நாளைக்கு நூற்றிருபது வயிறுகளைத் தொட்டுப் பார்த்து, யார் என்ன பொய் சொல்கிறார்கள் என்பதை முகத்திலிருந்தே படிக்கப் பழகியிருந்தாள். மூத்திரத்தில் சீழ் இருக்கிறது, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று வளர்த்துப் பார்க்க அனுப்ப வேண்டும் என்றாள். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கடைசியா பத்து நாள்ல ஆன்டிபயாடிக் எதாவது சாப்ட்டியாம்மா?"

சின்னம்மாளின் முழங்கை இடுப்பில் இடித்தது. "இல்லங்க."

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினது? தெரிஞ்சவங்க குடுத்தது?"

"இல்லங்க டாக்டர்."

ஃபர்ஹீன் எழுதிக்கொண்டாள். எழுதினாளே தவிர நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். சீழ் இருக்கிறது, கிருமி இல்லை, எங்கேயோ இடிக்கிறதே. அடுத்த வாரம் வந்து மறுபடியும் மூத்திரம் கொடு என்றாள். தெய்வசிகாமணி அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, கூடத்தில் இருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கவர்மெண்டே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும்போது இன்னொரு தடவை போய்க் கேட்பது அரசாங்கத்தை அவமதிக்கிற மாதிரி என்று தீர்ப்புச் சொன்னார். அவள் போகவில்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாள். ஊர் உலகத்துக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற புகைபோக்கிகள் கண்ணுக்கெதிரே புகைந்துகொண்டிருக்க, மந்தாரக்குப்பத்தில் கரண்ட் இல்லை. சாம்பல் தூசி காற்றில்லாமல் அப்படியே நின்றது. கூரைத் தகடு சுட்டது. தெருநாய் சாக்கடைக்குள் வயிறு நனைய இறங்கிப் படுத்திருந்தது. அந்த உச்சி வெயிலில் எழில்மதி கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கிட்டித்தபடி நடுங்கினாள். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப்பக்கம், யாரோ கம்பியைச் சொருகித் திருகுகிற மாதிரி வலி. அவளுடைய மூத்திர வாடை அவளுக்கே சகிக்கவில்லை. பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது வேறு.

செங்குட்டுவன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். சின்னம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவில்லை, தம்பிக்குச் செய்தாள். தெய்வசிகாமணி மொபெட்டில் வந்து இறங்கினார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பையிலிருந்து தனியாகத் தாளில் மடித்த ஒரு பெரிய மாத்திரையை எடுத்தார். டப்பாவிலேயே இதுதான் பவர் கூடினதாம், ஜி.எம். சம்சாரத்துக்கே இதைத்தான் எழுதினார்களாம்.

எழில்மதி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மாமியார் தலையைப் பிடித்துக்கொள்ள, மாமா தாடையை அழுத்தி மாத்திரையை நாக்கின் மேல் வைத்துத் தண்ணீரை ஊற்றினார். அவருடைய விரலில் புகையிலை நெடி. மாத்திரை தொண்டைவரைக்கும் போய் யோசித்தது. அப்புறம் காலையில் குடித்த கூழும் மஞ்சள் பித்தமுமாக, மாத்திரையையும் சேர்த்துக்கொண்டு, அத்தனையும் அந்தச் சலவைச் சட்டையின் மேல் போய் இறங்கியது.

தெய்வசிகாமணி சட்டையைக் குனிந்து பார்த்தார். இந்த நேரத்திலும் அறிவு அவரைக் கைவிடவில்லை.

"பேக் பிரஷர்" என்றார்.

அப்போதுதான் எழில்மதியின் வயிறு இழுத்துப் பிடித்தது. கல் மாதிரி இறுகி, கொஞ்சம் நின்று, தளர்ந்தது. போன வருஷம் அது எப்படித் தொடங்கியது என்பது அவள் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. மறுபடியும் இறுகியபோது கம்பளியை உதறி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய், வந்த ஆட்டோவுக்குக் கை காட்டி ஏறிக்கொண்டாள். அத்தை பின்னாலேயே ஓடிவந்து ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் போட்டதும் நர்ஸ் கையில் நரம்பு தேடினாள். முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கியிருந்ததால் ஒவ்வொன்றாக மேலே தள்ள வேண்டியிருந்தது. ஃபர்ஹீன் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைப் பார்த்தாள். இருந்தது, குதிரை ஓடுகிற மாதிரி வேகமாக இருந்தது. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, காய்ச்சல் இறங்காவிட்டால் வலி நிற்காது, வலி நிற்காவிட்டால் ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிடும், அப்படிப் பிறந்தால் தங்குமா என்று சொல்ல முடியாது என்றாள். ஒளிக்காமல் சொன்னாள். தகவல் தெரிந்து ஷிப்டிலிருந்து அப்படியே ஓடிவந்த செங்குட்டுவன், கண்ணிமை வரை கரித்தூளோடு, கட்டில் கால்மாட்டில் நின்றான்.

"இப்ப ஒரு ஊசி ஆரம்பிக்கணும். எத ஆரம்பிக்கிறதுன்னு தெரியணும்னா நீ உண்மையச் சொல்லணும். மாத்திர சாப்ட்டியா?"

சின்னம்மாள் முந்திக்கொண்டாள். "அவ ஒன்னும் சாப்புடலங்க. பச்சத்தண்ணி கூட..."

"சாப்ட்டங்க" என்றாள் எழில்மதி. "செவப்பும் மஞ்சளுமா நாலு. அப்பறம் வெள்ள மாத்திர மூனு, நடுவுல கோடு போட்டது. நீங்க மூத்திரம் புடிக்கச் சொன்ன அன்னிக்கிக் காலையில ரெண்டு. இன்னிக்கி ஒன்னு குடுத்தாங்க, அது உள்ள நிக்கல."

"யாரு குடுத்தது?"

"எங்க வூட்டுக்காரரு மாமா. பம்பு ரிப்பேரு பாக்கறவரு."

நர்ஸ் திரும்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. மூத்திரம் பிடிக்கிற அன்றைக்குக் காலையில் மாத்திரை போட்டால் சோதனையில் கிருமி எப்படி வளரும் என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். வழக்கமாகப் போடுகிற ஊசிக்குச் சீட்டு எழுதியிருந்தாள். அதை அடித்தாள்.

சின்னம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எம்புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி. அவன் இனிமே எந்த மூஞ்ச வெச்சிகினு மாமங்கிட்ட போயி நிப்பான்?"

"உங்க புள்ளதான் நிக்கிறாரே அத்த, கல்லு மாரி. எம்புள்ளதான் உள்ள கெடக்குது."

செங்குட்டுவன் அம்மாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். நாலு வருஷத்தில் அவன் செய்த ஒரே காரியம் அது.

முதலில் மூத்திரத்தைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் பெரிய ஊசியை ஆரம்பித்தாள் டாக்டர். மறுநாள் காலை பத்து மணிக்கு ருக்குமணி வந்தாள். எப்போதும் புருஷனுக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்தே பழகியவள், அன்றைக்குத் தனியாக டவுன்பஸ் பிடித்து வந்திருந்தாள். கட்டைப் பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து டாக்டரின் மேஜை மேல் வைத்தாள்.

"எது எது குடுத்தாருன்னு இவளுக்கு எப்பிடிங்க பேரு தெரியும்? நீங்களே பாத்துக்குங்க. முப்பது வருசமா இந்தக் கருமத்துக்கு எடம் வுட்டு எம் பொடவைய மூட்ட கட்டி பரண்ல வெச்சிருக்கறேன்."

ஃபர்ஹீன் ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் படித்தாள். பாதி தேதி முடிந்தது. ஒன்று நாய்க்குக் கொடுக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று ருக்குமணிக்கும் தெரியவில்லை. அடியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது. டாக்டர் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள்.

ருக்குமணி கட்டிலுக்கு வந்து, எழில்மதியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் சுட்டது. லிஸ்டைப் பற்றிக் கவலைப்படுகிறாளா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"லிஸ்டும் கெடையாது, கிஸ்டும் கெடையாது. அந்த லீடரு வூட்டாண்ட இவரு போயி நின்னா, யாருப்பா நீயின்னு கேப்பாரு. நாலு வருசமா ஞாயித்துக்கெழமையான கறி தின்றதுக்கு ஆளு சேக்கறதுக்குத்தான் லிஸ்டு."

"நெசமாவா சின்னத்த?"

"சோறாக்கிப் போட்டவளுக்குத் தெரியாதா?"

எழில்மதிக்கு அழுகை வரவில்லை. அந்த நாலு கேப்ஸ்யூல், மூன்று வெள்ளை, ரெண்டு கேப்ஸ்யூல் எல்லாம் தொண்டையில் திரும்ப வந்து நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் பேசின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. பதினாறு மருந்துப் பேர்கள். அதில் பதிமூன்றுக்கு அந்தக் கிருமி அசையவில்லை. மீதி மூன்றில் ஒன்றுதான் ஏறிக்கொண்டிருந்தது. அரைகுறையாக அடித்து விட்ட கிருமி அடி வாங்கப் பழகிக்கொள்ளும், வீட்டுக்கு வீடு மீந்ததைத் தின்றால் எல்லார் வயிற்றிலும் பழகின கிருமிதான் இருக்கும் என்று டாக்டர் செங்குட்டுவனுக்குச் சொன்னாள். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழில்மதி அடிவயிற்றில் கை வைத்திருந்தாள். உள்ளே ஒன்று அவள் வளர்த்தது. இன்னொன்று மாமா வளர்த்தது. ரெண்டும் இத்தனை நாள் ஒரே சோற்றைத் தின்றிருக்கின்றன என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே கூசியது.

அன்றைக்கு மத்தியானம் காய்ச்சல் விட்டது. வயிறு இறுகுவது சாயங்காலத்துக்குள் நின்றது. குழந்தை ஒரு உதை விட்டது. நர்ஸ் வைத்திருந்த கருவியே நகர்ந்தது. ஆனாலும் ஊசியைப் பத்து நாள் முழுசாகப் போட்டே தீர வேண்டும், ஒருநாள் குறைந்தாலும் விடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

ஆறாம் நாள் தெய்வசிகாமணி பார்க்க வந்தார். புதுச் சட்டை. ரெண்டு ஆப்பிள் வாங்கி வந்து, ஒன்றைக் கத்தியால் சீவித் தானே தின்றார். விஜிலன்ஸ் வரவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்ததாகத் தோன்றியது. டப்பா போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு என்ன என்று விசாரித்தார். கால் வீக்கம் என்றாள் அவள் அம்மா. தெய்வசிகாமணி கண்ணை மூடி அரை நிமிஷம் யோசித்தார்.

எழில்மதி சலைன் ஊசியைக் கையோடு பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடையின் கோடியில் இருந்தது கக்கூஸ். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பிளாஸ்டிக் கயிறு. தரையில் நாலு வார்டின் தண்ணீர் தேங்கி நின்றது. மூலையில் ரத்தப் பஞ்சு, ஒடிந்த வாளி, சுவரெல்லாம் வெற்றிலைத் துப்பல். நாற்றம் கண்ணைக் கரித்தது. கட்டியிருந்த சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கால் வைக்க இடம் தேடி வைத்து, சுவரில் ஒரு கையை ஊன்றிக் குந்தினாள். வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எரியவில்லை.

பல்லை மெல்ல விட்டாள். போய்க்கொண்டே இருந்தது. ஒரு சொட்டுகூட எரியவில்லை. எத்தனை மாசத்துக்கு அப்புறம் என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. வெளியே வார்டில் தெய்வசிகாமணியின் குரல் ஓங்கிக் கேட்டது: கால் என்பது பேஸ் பிளேட்டு, அங்கே தண்ணீர் நிற்கிறதென்றால் மேலே கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். யாரோ ஆமாங்க, ஆமாங்க என்றார்கள்.

கதவுக்கு வெளியே சின்னம்மாள் வந்து நின்றாள். ஆறு நாளில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என்னாம்மா இவ்ளோ நேரம்? எரியிதா?"

"இல்லத்த."

"அப்பறம் என்னாத்துக்கு அந்த நாத்தத்துல குந்திகினு கெடக்கற? வெளிய வாயேன்."

"அவரு கெளம்பிட்டாரான்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் எழில்மதி. "அதுவரைக்கும் எனக்கு இங்கயே பரவால்ல."